படைவீரர் தற்கொலைகள்: காரணங்களும் நமது கடமையும்

(சங்கரன்கோவிலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

 

விசைத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நமது ஊரிலிருந்து பல திசைகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். சிலர் சவூதிக்கும் துபாய்க்கும் செல்கின்றனர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து சிலர் ராணுவத்திற்கும் துணை ராணுவப் படைகளுக்கும் செல்கின்றனர். மாவீரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை அருகிலே கொண்ட மண் இது. வீரத்தைப் போற்றத் தெரிந்த மக்கள் நாம். ஆனால் அந்த வீரனின் உள்ளத்திற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டறியும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதா? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது. எதிரியின் குண்டுக்குத் தப்பிய வீரன் தன் உயிரைத் தானே ஏன் முடித்துக் கொள்கிறான்? அதைத் தடுப்பதில் வீட்டிலிருக்கும் நமக்கு என்ன பங்கு இருக்கிறது?

எண்கள் சொல்லும் செய்தி

2022 ஜூலையில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் ஒரு விடையளித்தார். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நமது முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்து கொண்டனர் என்பது அவ்விடை. அவர்களுள் தரைப்படையினர் 642 பேர், விமானப் படையினர் 148 பேர், கடற்படையினர் 29 பேர். 2001ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் சராசரியாக 100 முதல் 140 வீரர்கள் தற்கொலையாலும் தமக்குத் தாமே ஏற்படுத்திக் கொண்ட காயங்களாலும் இறக்கின்றனர் என்று தரைப்படையே 2023 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. மத்திய ரிசர்வ் காவல்படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற துணை ராணுவப் படைகளின் கணக்கு தனி. 2018 முதல் 2022 வரை அவற்றில் 654 பேர் இவ்வாறு உயிரிழந்தனர்.

நாடு இப்போது போரிலா இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நமக்கு அது அமைதிக் காலம். காஷ்மீரின் மலைகளிலும் வடகிழக்கின் காடுகளிலும் காவல் நிற்பவனுக்கு ஒவ்வோர் இரவும் போர் இரவுதான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின், லட்சக்கணக்கான வீரர்கள் எல்லைக்கு அனுப்பப்பட்டனர். இன்று போர் வரும், நாளை போர் வரும் என்ற நிலையில் ஏறத்தாழ பத்து மாதங்கள் அங்கே காத்திருந்தனர். போர் வரவில்லை. ஆனால் காத்திருந்த உள்ளம் போரின் பாரம் முழுவதையும் சுமந்தது.

உலகின் பெரும்படைகளும் இதற்கு விலக்கல்ல. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகளில் பணியிலிருந்த 349 பேர் தற்கொலை செய்து கொண்டனர். அதே ஆண்டில் ஆப்கானிஸ்தான் களத்தில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம். ஆயுதங்களுக்கும் மருத்துவத்திற்கும் அங்கே குறைவில்லை. குறை வேறெங்கோ இருந்திருக்கிறது.

காரணங்கள் எங்கே இருக்கின்றன?

சகோதரர்களே! போர்க்களத்தின் பயங்கரமே காரணம் என்று எண்ணுவது எளிது. அதில் உண்மையில்லாமலும் இல்லை. உறக்கமற்ற இரவுகள், எத்திசையிலிருந்து குண்டு வரும் என்று தெரியாத அச்சம், அருகில் நின்ற தோழன் கண்முன்னே சாய்ந்த காட்சி ஆகிய அனைத்தும் உள்ளத்தைக் காயப்படுத்துகின்றன. அவன் இறந்தான், நான் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வி சிலரை ஆண்டுக்கணக்கில் விடாது துரத்துகிறது. தான் செய்ய நேர்ந்த ஒரு செயலை மனச்சாட்சி மன்னிக்க மறுப்பதும் உண்டு. உடற்காயத்திற்குக் கட்டுப் போடுகிறோம். இந்தக் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எனினும் களம் மட்டுமே காரணம் அன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய சுமார் 39 லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டிய பெரியதோர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. போர்முனைக்குச் சென்றவர்களிடையே தற்கொலை கூடுதலாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பை அது உறுதி செய்யவில்லை. பணிக்காலம் நிறைவுறுமுன்பே படையை விட்டு விலகியவர்களும், நற்பெயரின்றி வெளியேற்றப்பட்டவர்களுமே அதிக ஆபத்தில் இருந்தனர். அதாவது, தான் சார்ந்திருந்த கூட்டத்திலிருந்து அறுபட்டுத் தனித்து நின்றவர்கள்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1897லேயே தற்கொலை பற்றி எழுதிய நூலில் இரண்டு செய்திகளைக் காட்டினார். ஒன்று, அன்றைய ஐரோப்பிய நாடுகளில் பொதுமக்களைவிடப் படைவீரர்களிடையே தற்கொலை அதிகம். மற்றொன்று, பெரும் போர்கள் நடக்கும்போது பொதுமக்களிடையே தற்கொலை குறைகிறது. துன்பம் பெருகும் காலத்தில் தற்கொலை குறைவது எப்படி? அப்போது மக்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக் கொள்கின்றனர் என்பது அவர் தந்த விளக்கம். மனிதனைத் தாங்கி நிற்பது பிணைப்பு. அது அறுந்தால் சிறு துன்பமும் மலையாகிவிடுகிறது.

இனி நமது நாட்டிற்கு வருவோம். பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் கூறிவரும் காரணங்களைப் பாருங்கள். பணியின் கடுமையோடு குடும்பப் பிரச்சினை, பணக்கஷ்டம், மனக்குறை, மன அழுத்தத்தைத் தாங்க இயலாமை என்று அப்பட்டியல் செல்கிறது. பணிச்சுமைக்கு அடுத்தபடியே குடும்பம் வந்து நிற்கிறது! துணை ராணுவப் படைகளின் தற்கொலைகளை ஆராய்ந்த உள்துறை அமைச்சகப் பணிக்குழு, அவற்றுள் எண்பது விழுக்காட்டிற்கும் மேலானவை விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பிய பின் நிகழ்ந்தவை எனக் கண்டதாக 2024 இறுதியில் செய்திகள் வெளியாயின. மனைவி அல்லது நெருங்கியோரின் மரணம், மணவாழ்வின் பிணக்கு, கடன், பிள்ளைகளின் கல்வி பற்றிய கவலை ஆகியவை அதில் கூறப்பட்ட காரணங்கள்.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். ஓராண்டாக நாட்களை எண்ணிக் காத்திருந்து ஊருக்கு வருகிறான். வந்த அன்றே உடன்பிறந்தாருக்கிடையே வரப்புத் தகராறு செவியில் விழுகிறது. மறுநாள் தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கேட்டு ஒருவர் வாசலில் நிற்கிறார். மூன்றாம் நாள் தாயும் மனைவியும் ஒருவரைப் பற்றி ஒருவர் அவனிடம் முறையிடுகின்றனர். எதையும் தீர்க்க முடியாமலே விடுப்பு முடிகிறது. ரயிலேறிச் செல்பவன் ஓய்வைக் கொண்டு செல்வதில்லை, சுமையைக் கொண்டு செல்கிறான். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நள்ளிரவுக் காவலில் அந்தச் சுமையோடு தனியே நிற்கிறான். அவன் கையில் துப்பாக்கியும் இருக்கிறது. இத்தகைய கொடிய எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியக்கூடியது என்று மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். அந்த ஒரு நாழிகையைக் கடக்க ஒரு துணை போதும். அந்தத் துணை கிடைக்காதபோதே உயிர் போகிறது.

மேலதிகாரியிடம் கூறலாமே என்று கேட்கலாம். உடல் வலிமையே பெருமையாகக் கருதப்படும் இடத்தில், உள்ளம் தளர்ந்துவிட்டது என்று ஒருவன் எப்படி வாய் திறப்பான்? கோழை என்று நகைப்பார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற அச்சம் அவன் நாவைக் கட்டிவிடுகிறது. அதிகாரியின் கடுஞ்சொல்லும் விடுப்பு மறுப்பும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இதில் அரசுக்கும் படைத்தலைமைக்கும் உள்ள பொறுப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. உரிய காலத்தில் விடுப்பு, கண்ணியமான நடத்துமுறை, அச்சமின்றி மருத்துவரை அணுகும் வழி ஆகியவற்றைத் தருவது அவர்கள் கடமை. நமது கடமை எது என்பதே நாம் இங்கே பேச வேண்டியது.

மார்க்கம் காட்டும் வழி

தற்கொலையை இஸ்லாம் வன்மையாகத் தடுத்திருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அதனை விலக்குகிறது. விலக்கிய உடனேயே, அல்லாஹ் உங்கள் மீது கருணையுடையவன் என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தடையின் ஊற்றுக்கண் கருணை என்பதை மறந்துவிடக் கூடாது.

போர்க்களத்தில் நிகழ்ந்த ஒரு தற்கொலையை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்திருக்கின்றனர். ஒருவர் மிகத் துணிவாகப் போரிட்டார். அவரது வீரத்தைக் கண்டு தோழர்கள் வியந்தனர். ஆனால் அவரது முடிவு நல்லதாக இராது என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னரே எச்சரித்தார்கள். அவர் கடுங்காயமுற்றார். வேதனை பொறுக்காமல் தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார். செயல்கள் அவற்றின் முடிவைக் கொண்டே மதிப்பிடப்படும் என்ற பாடத்தை அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துரைக்கின்றனர். வீரம் ஒருவனைத் தற்கொலையிலிருந்து காக்கும் அரண் ஆகாது என்பதும் இதில் தெளிவாகிறது. படையிலேயே துணிவுமிக்கவராகக் காணப்பட்டவரே அவர். ஆகவே, அவன் தைரியசாலி, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எந்த மகனைப் பற்றியும் நாம் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

இதே பொருளில் மற்றொரு நிகழ்ச்சியை ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கின்றனர். துஃபைல் பின் அம்ர் (ரலி) அவர்களோடு ஒருவர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தார். அங்கே நோயுற்றார். துன்பம் தாளாமல் தம் கையைத் தாமே காயப்படுத்திக் கொண்டு இறந்து போனார். பின்னர் துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல தோற்றத்தில் கண்டார்கள். ஆனால் கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. ஹிஜ்ரத்தின் காரணமாக அல்லாஹ் தம்மை மன்னித்துவிட்டதாகவும், கைகள் மட்டும் சீராக்கப்படவில்லை என்றும் அவர் கூறினார். இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய கைகளையும் மன்னித்துவிடுமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். செயல் பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. ஆயின், செய்தவரின் இறுதித் தீர்ப்பு நம் கையில் இல்லை. அவருக்காகக் கையேந்திய நபியின் உம்மத் நாம். தற்கொலை செய்து கொண்ட ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸா தொழுகை நடத்தவில்லை என்ற செய்தி உண்டு. அது பிறரை எச்சரிப்பதற்காக. மற்ற மக்கள் தொழவே வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. எனவே அத்தகைய வீட்டில் துக்கம் விசாரிக்கப் போகாமல் ஒதுங்குவதும், விதவையையும் பிள்ளைகளையும் விரல் சுட்டிப் பேசுவதும் மார்க்கம் ஆகாது. இவ்வாறு இறக்கும் வீரனுக்கு ராணுவ மரியாதையும் அளிக்கப்படுவதில்லை. அரசின் மரியாதையும் இன்றி, ஊரின் ஆறுதலும் இன்றி அந்தக் குடும்பம் எங்கே செல்லும்?

துயரத்தைச் சொல்வது ஈமானுக்குக் குறையா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கியதை அவர்கள் பெயர் தாங்கிய அத்தியாயமே கூறுகிறது. அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலையும் காலடியில் நீரையும், தலைக்கு மேல் பேரீச்சங்கனியையும் தந்தான். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுக்கும் அளவுக்கு வருந்தினார்கள். நபியும் வருந்துவார், அழுவார் என்றால் நம் வீட்டுப் பிள்ளை அழுவதில் என்ன இழிவு? ஆண்பிள்ளை அழலாமா என்ற சொல்லை இன்றோடு நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம்.

விடுப்பும் ஓர் இபாதத்

படைவீரனையும் குடும்பத்தையும் இஸ்லாம் எவ்வாறு இணைத்துப் பார்த்தது என்பதற்கு இரு சான்றுகள் கூறுகிறேன். பத்ருப் போரின்போது உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியார், நாயகத்தின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். அவர்களைப் பராமரிப்பதற்காக உஸ்மான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே இருக்கச் செய்தார்கள். களத்திற்கு வராதவர் என்று அவர்களை ஒதுக்கவில்லை; பத்ரில் பங்கு கொண்டவருக்குரிய கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றார்கள். நோயுற்ற மனைவியின் அருகில் இருப்பதும் அன்று போர்ப்பணிக்கு ஈடாக மதிக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் புலம்புவதைக் கேட்டார்கள். பின்னர்த் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுக்க முடியும் என்று வினவினார்கள். சில அறிவிப்புகள் நான்கு மாதம் என்றும், சில ஆறு மாதம் என்றும் கூறுகின்றன. அதற்கு மேல் எந்த வீரனையும் களத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று கலீஃபா ஆணையிட்டார்கள். ஒரு வீட்டின் புலம்பல் ஒரு பேரரசின் படைச்சட்டத்தை மாற்றியது.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே, தாய்மார்களே! கேட்டுவிட்டுக் கலைந்து செல்வதற்காக இதைக் கூறவில்லை. நமது வீடுகளில் நடைமுறைக்கு வர வேண்டியவை சில உண்டு.

முதலாவது, தொலைபேசி. தொலைவிலிருக்கும் மகனிடம் பேசும்போது, அவனால் அங்கிருந்து தீர்க்க முடியாத சண்டையை அவன் காதில் கொட்டாதீர்கள். மறைக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை, அதற்கு இங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். பணம் அனுப்பினாயா என்று கேட்பதற்கு முன் உறங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வளைகுடாவில் தனியறையில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களும் ஒருவகைப் போர்முனையில்தான் நிற்கின்றனர்.

இரண்டாவது, விடுப்பு. வரும் நாட்களில் முதல் சில நாட்களையாவது அவனுக்கே விட்டுவிடுங்கள். புறப்படும் முன்பு வாப்பாவோ, உம்மாவோ, மனைவியோ தனியே அமர்ந்து, மனத்தில் என்ன பாரம் இருக்கிறது என்று கேளுங்கள். பணிக்குத் திரும்பிய பின் வரும் வாரங்களே கவனத்திற்குரியவை. அந்நாட்களில் தவறாமல் பேசுங்கள்.

மூன்றாவது, நிலத் தகராறும் வழக்கும். எல்லையில் நிற்பவனால் நீதிமன்றத்திற்கு வர இயலாது என்பதை உணர்ந்தே 1925இல் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. போர்ச்சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியாற்றும் வீரனுக்காக உரிமையியல் வழக்கை ஒத்திவைக்க அது வழி செய்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் அவன் சார்பில் குடும்பத்தார் மனுக் கொடுக்கலாம். ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்தும் முன்வந்தால் பல வரப்புத் தகராறுகள் மனு இல்லாமலே தீரும். அந்த வீரன் எந்தச் சமயத்தவன் என்று பார்க்காதீர்கள். அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் உரியது.

நான்காவது, கடன். மகனின் சம்பளத்தை நம்பி ஆடம்பரத் திருமணத்திற்கும் தகுதிக்கு மீறிய வீட்டிற்கும் வட்டிக்குக் கடன் வாங்குவது, அவன் தோளில் துப்பாக்கியோடு மற்றொரு சுமையையும் ஏற்றுவதாகும். எளிமையான நிக்காஹ் ஒரு சுன்னத்து மட்டுமன்று. ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடும் ஆகும்.

ஐந்தாவது, அடையாளங்களை அறிதல். எப்போதும் பேசுபவன் பேச்சைக் குறைத்தல், உறக்கம் கெடுதல், தான் எல்லோருக்கும் பாரம் என்று கூறுதல், காரணமின்றி விடைபெறுவது போலப் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் விளையாட்டாக எண்ணாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே, அன்போடு கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடைபட்ட கதவு திறக்கும் என்பதே மருத்துவர்களின் அனுபவம். பின் அவனைத் தனியே விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொலைவில் இருந்தால் உடன் பணிபுரிவோருக்கோ அதிகாரிக்கோ தெரியப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 104 என்ற தமிழக அரசின் எண்ணும் உண்டு. படைவீரர்களுக்கென்று டெலி மானஸின் தனிப்பிரிவு புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. ஆகவே காவல்துறைக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. உள்ளத்தின் நோயும் நோயே.

சகோதரர்களே! களத்தில் நிற்பவனுக்குக் கவசமும் தலைக்காப்பும் அரசு தரும். அவன் உள்ளத்திற்குரிய கவசம் நம் வீட்டில்தான் இருக்கிறது. இன்று மாலையே, தொலைவில் இருக்கும் ஒரு பிள்ளையை அழைத்து, எதுவும் கேட்காமல், எதையும் முறையிடாமல், அவன் பேசுவதை மட்டும் சிறிது நேரம் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எல்லைகளிலும் அந்நிய நாடுகளிலும் தனித்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவாயாக! துன்பம் தாளாமல் தம்மையே மாய்த்துக் கொண்டோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்தம் குடும்பத்தாருக்கு ஆறுதல் அளிப்பாயாக! ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.